ஒன்றாம் வகுப்பில் பதினோரு நாள்

1

எங்கள் கம்பெனியில் மார்ச் கடைசியில் லீவு பாரம் கொடுப்பார்கள். இந்த வருஷமும் கொடுத்தார்கள். எந்த மாதம் வேண்டும் என்ற கட்டத்தில் நான் மே என்று எழுதினேன். சூப்பர்வைசர் குரியன் அதைப் பார்த்துவிட்டு வழக்கம்போலத் தலையில் அடித்துக்கொண்டார். ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக் ஒருவன் மே மாதம் லீவு கேட்பது, தீபாவளிக்கு முந்தின வாரம் தையல்காரன் லீவு கேட்பதற்குச் சமம்.

"கிறிஸ்துமஸுக்குப் போயேன் தேவா. நீ வேதக்காரன்தானே?" என்றார்.

போகலாம்தான். ஆனால் கிறிஸ்துமஸுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் அட்மிஷன் போடுவதில்லை.

ஊரில் இருக்கும் உங்களுக்கெல்லாம் ஒரு நம்பிக்கை உண்டு. வெளிநாட்டுக்காரன் லீவில் வந்தால் மத்தியானம் வரை தூங்குவான், சாயங்காலம் சென்ட் அடித்துக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போவான் என்று. நான் வருஷா வருஷம் விமானம் ஏறிக் காட்டுப்பாக்கத்துக்கு வருவது நோட்டுப் புத்தகத்துக்கு பிரவுன் அட்டை போட. அப்புறம், என் மகளைப் பள்ளியில் அடுத்த வகுப்புக்கு அனுப்பும்படி பெரிய மனிதர்கள் முன்னால் கைகட்டி நிற்க.

2

மகள் பெயர் ரெஜினா. நான் இங்கிருந்து கடிதத்தில் எழுதி அனுப்பிய பெயர். வீட்டில் பாப்பு. இரண்டில் எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அவள் திரும்ப மாட்டாள் என்பது ஒன்றரை வயதில்தான் தெரிந்தது. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் சரவெடி கொளுத்தினார்கள். தெருநாய்கள் எல்லாம் பக்கத்து ஊர் நூம்பல் வரை ஓடின. பாப்பு வாசலில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த முறுக்கைத் தின்றுகொண்டிருந்தாள்.

இதை என் மனைவி ஸ்டெல்லா எனக்குத் தெரிவித்த விதம் தனி. மழை, கிணற்றுத் தண்ணீர், மாமா மகளின் நிச்சயதார்த்தம் எல்லாம் எழுதி முடித்து, ஏரோகிராமை மடித்து ஒட்டுகிற ஓரத்தில், "பாப்புவுக்குக் காது கேக்கல போல இருக்கு" என்று எழுதியிருந்தாள். ஓரத்தில் எழுதினால் விஷயம் சின்னதாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

பிறகு வைத்தியர்கள் வந்தார்கள். அழைக்காமலே வந்தார்கள். அத்தை ஒருத்தி வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கச் சொன்னாள். காது கேட்காததற்கு நாக்கில் எதற்கு என்று கேட்கக் கூடாது. எதிர்வீட்டுக்காரர் தாயத்து கட்டச் சொன்னார். என் சொந்தச் சித்தப்பா, "பொட்டப் புள்ளதான, பேசாம குந்திக்கினு இருந்தா மாமியார் ஊட்ல நல்ல பேரு" என்று ஆறுதல் சொன்னார். எங்கள் குடும்பத்தில் எந்த நல்ல காரியமும் அவரைக் கேட்காமல் நடப்பதில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மாள் ஒருவர்தான் உருப்படியாக இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, காது மெஷின் வாங்குங்கள். இன்னொன்று, "கையால பேசிப் பழக்காதீங்க. அப்புறம் வாயே திறக்க மாட்டா."

ஸ்டெல்லா இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கையால் பேசினாள். சோறு, தண்ணீர், குளியல், பல்லி, பக்கத்து வீட்டுச் சண்டை, எல்லாவற்றுக்கும் இருவருக்கும் இடையில் ஒரு கை பாஷை இருந்தது. கட்டுப்பாடாக உத்தரவைக் காப்பாற்றியவன் நான் ஒருவன்தான். வருஷத்தில் நாற்பத்தைந்து நாள், பாப்புவை எதிரே உட்கார வைத்து, "அப்பா, அப்பா" என்று வாய் வலிக்கச் சொல்வேன். அவள் என் உதட்டைப் பார்த்துவிட்டு ஸ்டெல்லாவைக் காட்டுவாள்.

மூன்றாவது லீவில் ஸ்டெல்லா பொறுக்க முடியாமல் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து என் முன்னால் பிடித்தாள்.

"சத்தம் போடாம அம்மான்னு சொல்லுங்க."

சொன்னேன்.

"இப்ப அப்பான்னு சொல்லுங்க. ஒதட்ட மட்டும் பாருங்க."

உதடு அதேபோல மூடி, அதேபோலத் திறந்தது. சத்தத்தை எடுத்துவிட்டால் அம்மாவும் அப்பாவும் ஒரே சொல். முப்பத்திரண்டு வயதில் இதைத் தெரிந்துகொண்டேன். அதற்குள் இங்கே தொழிலாளர் கேம்பில் இந்தி, மலையாளம், வேலைக்குப் போதுமான அரபி எல்லாம் கற்றுவிட்டிருந்தேன். லீவில் வந்தபோது காய்கறிக்காரம்மா சில்லறை கேட்டதற்கு வாய் தவறி "மாஃபி" என்று அரபியில் இல்லை சொல்லி, "உன் ஊட்டுக்காரு இன்னா பாஷ பேசறாரு?" என்று அவள் ஸ்டெல்லாவிடம் கேட்கும் அளவுக்குப் பண்டிதனாகியிருந்தேன். வீட்டில் நடக்கும் பாஷை மட்டும் தெரியாது.

3

நான் சொல்ல வந்தது பாப்புவுக்கு ஏழு வயதான வருஷத்தின் லீவைப் பற்றி. காட்டுப்பாக்கத்தில் அவள் படித்த சின்ன நர்சரி யு.கே.ஜி.யோடு முடிந்துவிடும். அங்கேயே இரண்டு தடவை யு.கே.ஜி. படித்து முடித்தாகிவிட்டது. இனி பூந்தமல்லியில் ஒரு பெரிய பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும்.

அந்தத் தடவை நான் புதுக் காது மெஷின் வாங்கிப் போயிருந்தேன். சிகரெட் பெட்டி அளவில் ஒரு டப்பா, மார்பில் மாட்டிக்கொள்வது. அதிலிருந்து ஒரு வயர் காதுக்குப் போகும். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுல பாட்டு கேக்கலாமா?"

"காது மெஷின் சார். என் பொண்ணுக்கு."

நம்பாமல் தன் காதிலேயே செருகி, ஸ்விட்சைப் போட்டார். அந்த ஹாலில் இருந்த அத்தனை டிராலிகளும் குழந்தைகளும் ஒரே சமயத்தில் அவர் மண்டைக்குள் நுழைந்திருக்க வேண்டும். பிடுங்கி என் கையில் கொடுத்து, "போங்க, போங்க" என்றார். ஒரு நிமிஷம் கேட்டதற்கே இப்படி. என் மகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கேட்கிறாள். அதிலிருந்து சொற்களைப் பொறுக்கி எடுக்க வேண்டும் என்று எல்லாரும் அவளிடம் எதிர்பார்க்கிறோம்.

மெஷினுக்கு யூனிபார்மில் இடம் வேண்டுமே. பூந்தமல்லியில் தையல்கடை வைத்திருந்த காதர் பாயிடம் போனோம். உள்பக்கம் ஒரு பாக்கெட், வயர் போக ஓர் ஓட்டை என்று விளக்கினேன். டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா இது, போலீஸ்காரன் வயர்லெஸ் மாரி கீது? கொயந்த ஒண்ணாங்கிளாஸ்க்கு போவுதா, டூட்டிக்கு போவுதா?"

சொன்னாரே தவிர, பாக்கெட்டுக்கு உள்ளே மெத்தென்று பழைய பனியன் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். துணி உரசினால் அவளுக்குக் கரகரவென்று கேட்கும் என்று நான் சொல்ல மறந்திருந்தேன். அவராகவே யோசித்துச் செய்தார். அந்த வருஷம் பாப்புவின் படிப்பு விஷயத்தில் யாரும் சொல்லாமலே யோசித்த ஒரே மனிதர் அவர்தான். படிப்புக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்பதால் இருக்கலாம்.

4

இன்டர்வியூவுக்கு ஒரு மாதம் ஒத்திகை பார்த்தோம். உன் பெயர் என்ன? ரெஜினா. இவங்க யாரு? அம்மா. இவர் யாரு? அப்பா. யாரைக் கையால் காட்டுகிறார்கள் என்று பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்று பழக்கியிருந்தோம்.

பிரின்சிபால் அம்மா எங்கள் விண்ணப்பத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "உன் பேர் என்ன?" என்று கேட்டார். பாப்புவுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு காகிதம்தான். அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"பேர்கூடச் சொல்லலையே?"

"பேப்பர கொஞ்சம் கீழ எறக்கினா சொல்லும் டீச்சர்" என்றாள் ஸ்டெல்லா.

"மேடம்" என்று திருத்தினார் அவர். பிறகு காகிதத்தை இறக்கினார்.

பாப்பு பெயரைச் சொன்னாள். மூக்கு வழியாக, முதல் எழுத்து இல்லாமல், கொஞ்சம் உரக்கவே சொன்னாள். பிரின்சிபால் அம்மா நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்துகொண்டார். அடுத்து என்னைக் காட்டி, "இது யாரு?" என்றார்.

பாப்பு என்னைப் பார்த்தாள். வலது கையை உயர்த்தி விரல்களை ஆட்டினாள்.

"டாட்டா சொல்றா பாருங்க! அவளுக்கே இங்க இருக்க இஷ்டமில்ல" என்று அவர் சிரித்தார். மரியாதைக்கு நானும் சிரித்தேன். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

பிறகு எங்களுக்காக மிகவும் வருத்தப்பட்டார். மற்ற பெற்றோர் என்ன சொல்வார்கள், நாற்பத்தெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு டீச்சர் எப்படிக் கவனிப்பார், இந்தக் குழந்தைக்கே அது கஷ்டம் அல்லவா என்றெல்லாம் வருத்தப்பட்டார். நம் ஊரில் ஒரு கதவைச் சாத்துவதற்கு முன் இவ்வளவு அன்பு காட்டுவார்கள் என்பதை வெளிநாடு போனவர்கள் மறந்துவிடுகிறோம். கடைசியில், "இவங்களுக்குன்னே ஹாஸ்டலோட ஸ்கூல் இருக்கு. அங்க சேத்துடுங்க. லீவுக்கு வருவா" என்றார்.

ஸ்டெல்லா என்னைக் காட்டினாள். "எங்க ஊட்ல ஒரு ஆளு ஹாஸ்டல்ல கீறது பத்தாதா மேடம்? இவரும் லீவுக்குத்தான் வராரு."

நான் தரையைப் பார்த்தேன். தரையில் பாப்பு உட்கார்ந்திருந்தாள். பெரியவர்கள் வாயசைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் பையிலிருந்து சிலேட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து பிரின்சிபால் அம்மாவின் மேஜைமேல் வைத்தாள். அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த பலகையில் இருந்ததை அப்படியே எழுதியிருந்தாள்: "அமைதி காக்கவும்." அந்தப் பள்ளியில் அந்தப் பலகையை மதித்த முதல் பிள்ளை அவளாகத்தான் இருக்க வேண்டும்.

பிரின்சிபால் அம்மா சிலேட்டை எடுத்துப் படித்தார். பிறகு அழித்துவிட்டு, "இவர் யார்?" என்று எழுதி, விரலால் என்னைக் காட்டினார்.

பாப்பு சாக்பீஸை வாங்கி, "அப்பா" என்று எழுதினாள். எழுத்தில் ப வேறு, ம வேறு.

"ஒரு மாசம் பாப்போம்" என்றார் பிரின்சிபால் அம்மா. "ஆனா வீட்லேர்ந்து ஒருத்தர் கூட வந்து கிளாஸ்ல உக்காரணும்."

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன்.

"நீங்களே குந்துங்க" என்றாள் அவள். "ஏழு வருசமா நான்தான் குந்திக்கினு கீறேன்."

5

பஸ் ஸ்டாண்டில் நின்றபோது எனக்கு ஆற்றாமை. "ஒரு மாசமா சொல்லிக் குட்த்தோம். அப்பான்னு ஒரு வார்த்த சொல்றத வுட்டுட்டு டாட்டா காட்டிகினு நிக்குது" என்றேன்.

ஸ்டெல்லா பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.

"அது டாட்டா இல்லீங்க. அது நீங்கதான்."

"இன்னா சொல்ற?"

"என்னச் சொல்லணும்னா மூக்குத்தியத் தொட்டுக் காட்டும். பால்காரர்னா தல மேல துண்டு. நீங்கன்னா அதான்." கையை லேசாக ஆட்டிக் காட்டினாள். "பெட்டியத் தூக்கிகினு கைய ஆட்டிகினு போறீங்களே, அத்தத்தான வருசா வருசம் பாக்குது. அத்தயே உங்க பேரா வச்சிக்கிச்சு."

"எப்பலேர்ந்து?"

"நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்தே."

பஸ் வந்தது. அவர்கள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தார்கள். நான் என் பக்கத்து ஜன்னலில் குமணன்சாவடி ஸ்டாப் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பார்க்க அங்கே ஒன்றுமில்லை.

6

பள்ளி திறந்தபோது என் லீவில் எட்டு நாள்தான் மிச்சம். நீட்டிக்க வேண்டும். எங்கள் கேம்பில் லீவை நீட்டிக்க ஒரே வழிதான் உண்டு. அம்மா சீரியஸ் என்று தந்தி அடிப்பது. ஒரே அம்மா நாலு தடவை சீரியஸ் ஆன பையன்கள் இருக்கிறார்கள். என் அம்மா உண்மையிலேயே இறந்துபோய், அது ஆபீஸ் பைலில் ஏறிவிட்டது. எனவே உண்மையையே தந்தியாக அடித்தேன்: மகளோடு முதல் வகுப்பில் இருக்கிறேன், லீவை நீட்டிக்கவும்.

அடித்த இங்கிலீஷில் என்ன கோளாறோ, விமானத்தில் முதல் வகுப்பு டிக்கெட் கேட்கிறேன் என்று ஆபீஸில் புரிந்துகொண்டார்கள். மெக்கானிக்குக்கு முதல் வகுப்பு கிடையாது என்று பதில் தந்தி வந்தது. குரியன்தான் தலையிட்டு, அவன் மகள் விஷயமாகத்தான் இருக்கும் என்று சொல்லி இரண்டு வாரம் வாங்கிக் கொடுத்தார்.

கடைசி பெஞ்சில் எனக்கு இடம். ஆறு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சு. உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் காதுப் பக்கம் வந்துவிடும். முதல் நாளே நாற்பத்தேழு பிள்ளைகளும் போர்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி எழுந்து, "மிஸ், இந்த அங்கிள் பெயிலா?" என்று கேட்டாள்.

வகுப்பு டீச்சர் வசந்தா மிஸ் நல்ல மனுஷி. ஆனால் போர்டில் எழுதிக்கொண்டே பேசுவார். முதுகில் ஏது உதடு? இரண்டாம் நாள் இடைவேளையில் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"இருபது வருஷமா போர்டைப் பாத்துதான் சார் பாடம் எடுக்கறேன்" என்றார். ஆனாலும் மத்தியானத்திலிருந்து பாதி வாக்கியத்தில் நின்று திரும்பினார். மறந்து போய் மறுபடி திரும்பிக்கொண்டார். மறுபடி நினைவு வந்து, திரும்பி நின்று முதலிலிருந்து சொன்னார்.

பிள்ளைகளுக்குத்தான் கொண்டாட்டம். டப்பாவில் பேசினால் காதில் கேட்கும் என்று கண்டுபிடித்து, வரிசையில் நின்று பாப்புவின் நெஞ்சுக்குக் குனிந்து "ஹலோ, ஹலோ" என்றார்கள். பாப்பு மகாராணிபோல நின்றுகொண்டிருந்தாள். ஒரே வாரத்தில் தண்ணீருக்கு, பாத்ரூமுக்கு, வசந்தா மிஸ்ஸின் கொண்டைக்கு என்று அவள் கை பாஷையை வகுப்பு முழுவதும் பழகிக்கொண்டது. கையால் பேசக் கூடாது என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் அவர்களைப் பார்த்துத்தான் கற்றேன். தப்பாகச் செய்தால் ஆறு வயதுக்காரர்கள் திருத்தினார்கள்.

அவர்கள் எனக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். இரண்டு முஷ்டியையும் காதருகே தூக்கிக் காட்டுவது. அதாவது என் முழங்கால்கள். ஐந்தாம் நாள் வீட்டில் சாப்பிடும்போது பாப்பு ஸ்டெல்லாவிடம் ஏதோ கேட்டுவிட்டு, டாட்டாவுக்குப் பதில் முஷ்டிகளைத் தூக்கி என்னைக் காட்டினாள். இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்கிறாளாம். வேண்டாம் என்றால் அந்தப் பெயரை மறுபடி சொல்ல மாட்டாளே என்று மூன்று தோசை அதிகம் தின்றேன்.

7

பதினோராம் நாள் வசந்தா மிஸ் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"நாளைலேர்ந்து நீங்க வர வேணாம் சார்."

ஒரு மாதம் என்றுதானே சொன்னார்கள், என்ன தப்பு செய்தாள், கத்தினாளா என்று கேட்டேன்.

"அவ ஒண்ணும் பண்ணல. நீங்கதான். டிக்டேஷன் குடுக்கறப்ப அவ என்னைப் பாக்கறதே இல்ல. திரும்பி உங்க வாயத்தான் பாக்கறா. நீங்களும் சும்மா இருக்க மாட்டேங்கறீங்க."

உண்மை. நான் கடைசி பெஞ்சிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் வாயை அகலத் திறந்து திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். உதவியென்று நினைத்திருந்தேன்.

"பக்கத்துல உக்காந்திருக்காளே அம்பிகா, அவளைப் பாருங்க" என்றார்.

ஜன்னல் வழியே பார்த்தேன். எண்ணெய் வழியும் ரெட்டைச் சடையோடு, ஒரு பல் விழுந்த பெண். வேறு யாரோ பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். பாப்பு வாசலைப் பார்க்கத் திரும்பியபோது, அம்பிகா தன் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, ஒரு விரலால் பாப்புவின் தாடையைத் தொட்டு முகத்தைப் போர்டின் பக்கம் திருப்பினாள். அவ்வளவுதான். கடல் தாண்டி வந்து, தந்தி அடித்து, முட்டி வலிக்க நான் செய்யப் பார்த்த வேலை அது.

"பிரின்சிபால் மேடத்துகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார் வசந்தா மிஸ்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து டிஸ்மிஸ் ஆனவன் எங்கள் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மறுநாள் கேட் வரை கொண்டுபோய் விட்டேன். பாப்பு உள்ளே ஓடினாள். பாதி மைதானத்தில் அம்பிகா வந்து சேர்ந்துகொண்டாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். வாட்ச்மேன் கேட்டைச் சாத்தும் வரை நின்றேன். அவர்களுக்கு ஏதோ அவசரப் பேச்சு. நான்கு கைகளும் ஓயவில்லை. கிடைத்த லீவில் மிச்சமிருந்த நாட்களில் வீட்டுக் கூரை ஒழுகலை அடைத்தேன்.

8

இப்போது பாப்பு ஐந்தாம் வகுப்புக்குப் போகிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒப்புவித்தலுக்கு வருஷா வருஷம் முட்டை போடுகிறார்கள். ஒவ்வொரு ஜூனிலும் புது வகுப்பு டீச்சர் அவளுக்குக் காது கேட்காது என்பதைப் புதிதாகக் கண்டுபிடித்து எங்களை வரவழைக்கிறார். அதற்காகவே இந்த மேயும் போகிறேன். பழைய நோட்டுகளை எல்லாம் ஸ்டெல்லா ஒரு பெட்டியில் வைத்திருக்கிறாள். கோர்ட்டில் சாட்சி காட்டுவதுபோல எடுத்துப் போவோம்.

ஆனால் ஒரு விஷயத்தை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. நம் தமிழை அவள் காதால் தெளிவாகக் கேட்டதே இல்லை. புத்தகத்தில் பார்த்ததுதான் அவளுக்குத் தமிழ். காட்டுப்பாக்கத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை, கீது, இன்னா, குந்து ஒன்றும் தெரியாமல், பாடநூல் போல எழுதுகிறாள். கடைக்குச் சீட்டு எழுதினால்கூட, "ஐயா, அரை கிலோ துவரம் பருப்பு தந்து உதவுங்கள்" என்றுதான் எழுதுவாளாம். கடைக்காரர் அதைக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாராம்.

நானோ கடிதத்தில் பேசுவதுபோலத்தான் எழுதுவேன். பத்திரிகைக்கு எழுதும்போது மட்டும் இப்படிச் சட்டை போட்டுக்கொள்கிறேன். போன மாதம் அவளுக்கு முதல் தடவையாகத் தனியாக, ஸ்டெல்லாவுக்கு எழுதும் கடிதத்தில் ஓரம் தேடாமல், இரண்டு பக்கம் எழுதினேன். நேற்று பதில் வந்தது. கவரைப் பிரித்தால் என் கடிதமே திரும்பி வந்திருக்கிறது.

"வந்துகினு" மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் "வந்துகொண்டு". "ஊட்ல" அடித்து "வீட்டில்". இரண்டு இடத்தில் ஒற்று விடுபட்டதற்குக் குறுக்கே பெரிய கோடு. மூன்றாவது வரியில், "உன்ன பாக்கணும் போல கீது" என்று எழுதியிருந்தேன். அதை அவள் அடிக்கவில்லை. கடைசிச் சொல்லின் அடியில் கோடிட்டு, ஓரத்தில், "இந்தச் சொல் எனக்குப் புரியவில்லை. விளக்கி எழுதவும்" என்று எழுதியிருந்தாள். கடிதத்தின் தலைப்பில் வட்டம் போட்டு மதிப்பெண்: நூற்றுக்கு முப்பத்து நான்கு.

பாஸ் மார்க் முப்பத்தைந்து.

அறையில் எல்லாரிடமும் காட்டினேன். ஒரு மார்க் கூடப் போட்டிருக்கலாம் என்று, அந்தப் பக்கம் வந்த குரியன் வருத்தப்பட்டார். நான் குளித்து, சாப்பிட்டு, கட்டிலில் உட்கார்ந்து முழுவதையும் மறுபடி எழுதினேன். மூன்றாவது வரிக்கு மட்டும் நாலு தாள் வீணாயிற்று. இன்று காலையில் தபாலில் போட்டேன். ரிசல்ட் வர இருபது நாள் ஆகும்.